கொட்டையில் பிறக்கும் புதுமை

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் கூழ் ஆலைகளுக்குப் பழம் தரும் பெங்களூரா ரக மரங்கள் பெரும்பாலும் ஒட்டு மரங்கள். தாய்மரத்தின் அச்சு நகல்கள். ஆலைக்கு அது வசதி. பழத்துக்குப் பழம் ருசி மாறாது.

கொட்டை போட்டு முளைத்த கன்று அப்படியல்ல. மாமரத்தின் செல்லில் 20 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. மகரந்தம் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில், ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போகும். எது போகும் என்பது சீட்டுக் குலுக்கல். அதிலேயே 10,48,576 சேர்க்கைகள்! சூலிலும் இதே கணக்கு. ஈயோ வண்டோ மகரந்தத்தைக் கொண்டுசேர்த்துக் கருவுற்றால், சாத்தியங்கள் லட்சம் கோடியைத் தாண்டும். ஜோடிகள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது.

டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தெற்கின் நீலம், வடக்கின் தசேரி என்ற இரு மா ரகங்களை இணைத்தது. நீலம் தாயானபோது பெரிய பழம் தரும் மல்லிகா. தசேரி தாயானபோது குட்டை மரமான ஆம்ரபாலி. பெற்றோர் அதே இருவர்தான், பிள்ளைகள் இரு விதம். நம் வீடுகளில் பார்க்காததா?

நகல் மரங்களின் பலவீனமும் ஒன்றே. ஒன்றைச் சாய்க்கும் நோய் தோப்பையே சாய்க்கலாம். ஒவ்வொன்றும் தனி விதமான கொட்டை மரங்களில் அதைத் தாங்குபவை இருக்கலாம். ஓசூர்ப் பக்கம் மனைகளுக்காகவும் சாலைகளுக்காகவும் வெட்டப்படும் பழைய கொட்டை மரங்களைத் தோட்டக்கலைத் துறை முதலில் கணக்கெடுக்கட்டும். நல்ல மரமென்றால், கோடரி விழுமுன் ஒரு குச்சியையாவது வெட்டி ஒட்டுக் கட்டி வைக்கட்டும்.