தையல் பிரித்ததும் முடிவதில்லை

"அதான் ஆபரேஷன் பண்ணியாச்சுல்ல, இனிமே என்ன கவலை?" எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வீடு திரும்பிய நாளில், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். இதைவிடக் கேடான ஆறுதல் வேறில்லை.

அவளுக்குச் செய்தது ஸ்லீவ் சிகிச்சை. இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க எப்படிச் சாப்பிடுவது? அதற்கான பதில், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரே ஒரு தாள். அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். வீட்டில் சமைப்பது அம்மா. அவளை உட்காரவைத்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் வாரம். மசித்த உணவைக் கரண்டிக் கணக்கில் கொடுக்க வேண்டிய நேரம். "இப்படிக் கொறிச்சா உடம்பு எப்படித் தேறும்?" என்று அம்மா ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினாள். விக்கக் கூடாதே என்று நடுநடுவே தண்ணீரும் கொடுத்தாள். நாலாவது வாயிலேயே அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வாந்தி. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரைமணி நேரமாவது கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் பி1 சத்து வற்றி மூளையே பாதிக்கப்படலாம் என்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். கஞ்சியும் இட்லியும் அந்தச் சின்ன வயிற்றை அடைத்துக்கொண்டால் புரதத்துக்கு இடம் ஏது? அந்தத் தாளில் ஓட்ஸ் இருந்தது; எங்கள் அடுப்படியில் இருக்கிற பாசிப்பருப்பும் மீனும் இல்லை.

எடை இறங்கியதும், "இனி சத்து மாத்திரை எதுக்கு?" என்று அக்கா நிறுத்திவிட்டாள். இரண்டு வருடம் கழித்து உள்ளங்காலில் மதமதப்பு. சர்க்கரையாக இருக்கும் என்றார்கள் உறவினர்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது பி12 குறைபாடு. பி12-ஐ உடல் உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது; இரைப்பையை வெட்டினால் அதுவும் குறைகிறது. கல்லீரலில் உள்ள இருப்பு வருடக்கணக்கில் தாங்குவதால் குறை உடனே வெளியே தெரிவதில்லை. மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும் என்பது இதனால்தான்.

எடை மறுபடி ஏறினால் "வாயைக் கட்டத் தெரியலை" என்று நோயாளியை ஏசுகிறோம். சொல்லித்தராத பாடத்தில் தேர்வு வைத்துவிட்டு மதிப்பெண் குறைந்தது என்று திட்டுவது அநியாயம். தாளை நீட்டுவது கல்வி ஆகாது. சமைப்பவரையும் கூட வைத்துக்கொண்டு, தமிழில், கிண்ணத்தையும் கரண்டியையும் காட்டிச் சொல்ல வேண்டும். புரிந்ததா என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அதுவும் அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

அறுவைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்களே, உங்கள் வீட்டில் சமைப்பவரை அழைத்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வருடம் ஒருமுறை பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.