கேளாமல் தீர்ப்பிடலாமோ?



முன்னாளில் நம் பங்குகளை 'விசாரணை' என்றும், பங்குத்தந்தையை 'விசாரணைக் குரு' என்றும் அழைப்பதுண்டு. முதியவர் சிலர் இன்றும் அவ்வாறே சொல்லக் கேட்கிறோம். அப்பெயருக்கு ஏற்பவோ என்னவோ, குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்று வந்த நம்மிடம் மக்கள் கொண்டுவருவன பெரும்பாலும் வரப்புத் தகராறும் பாகப் பிரிவினையுமே. சென்ற தவக்காலத்தில் அவ்வாறு வந்த ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

வந்தவர் எழுபதை நெருங்கும் முதியவர். மொரப்பூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஆறு புளிய மரங்களும் அவருடைய சொத்து. மழை பொய்த்தபின் பெங்களூர் சென்று, கட்டடம் எழும்பும் இடமொன்றில் காவலாளியாக இருந்தார். நம் மாவட்டத்தார் பலருக்கும் வாய்த்த பிழைப்பு அதுதானே! அவர் அங்கிருந்தபோது, தம்பி மகன் தொடுத்த பாகப் பிரிவினை வழக்கில் அவருக்கு எதிராக 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு ஆகிவிட்டது. ஒரு தரப்பு வராமையால் மறு தரப்பை மட்டும் கேட்டு வழங்கும் தீர்ப்பு அது.

"வக்கீல் காசு வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் சாஞ்சிட்டாருங்க, சாமி. நீங்க பூசையில வச்சுச் சொல்லணும். நம்ம சனங்க ஒருத்தரும் அவருகிட்ட கேஸ் குடுக்கக் கூடாது" என்றார்.

நமக்கும் உள்ளம் கொதித்தது. உண்மையைச் சொல்வதானால், ஞாயிறு மறையுரைக்கான வாக்கியங்கள் சிலவற்றை மனத்துக்குள் அடுக்கியும் விட்டோம். ஆயினும், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை ஆளனுப்பினோம். அந்த வழக்கறிஞர் கேஸ் கட்டுடன் வந்து சேர்ந்தார். முதியவருக்கு அவர் அனுப்பி, ஆள் ஊரில் இல்லை என்ற குறிப்புடன் திரும்பிய பதிவுத் தபால்கள் மூன்று அதில் இருந்தன. முதியவரின் கைப்பேசி எண்ணும் மாறியிருந்தது. ஆனால், தவணை கேட்டு ஒரு மனுவேனும் போட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு அவரிடம் நேரான விடை இல்லை. வாங்கிய பணத்துக்கு ரசீதும் கொடுத்திருக்கவில்லை.

ஆக, முதியவர் சொன்னது முழுப் பொய்யுமன்று; முழு மெய்யுமன்று. தம்மைக் கேளாமல் தீர்ப்பிட்டார்கள் என்று குமுறி வந்தவர், இன்னொருவரைக் கேளாமல் தீர்ப்பிடுமாறு நம்மை வேண்டினார், நாமும் இசையவிருந்தோம்!

வழக்கறிஞரின் தொழில் ஒழுக்கத்தை விசாரிக்கும் இடம் வேறு உண்டு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 35ஆம் பிரிவில், அப்பொறுப்பை மாநில பார் கவுன்சிலிடம் ஒப்படைத்துள்ளது. புகாரில் முகாந்திரம் உண்டென்று கவுன்சில் கருதினால், மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அதை அனுப்பும். குழு நாள் குறித்து, வழக்கறிஞருக்கும் மாநில அட்வகேட் ஜெனரலுக்கும் அறிவிப்பு அனுப்பும். அவர்கள் சொல்வதைக் கேட்கும் வாய்ப்பளித்த பின்னரே புகாரைத் தள்ளவோ, வழக்கறிஞரைக் கண்டிக்கவோ, சில காலம் தொழிலினின்று நிறுத்தவோ, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவோ இயலும். மேல்முறையீடு இந்திய பார் கவுன்சிலுக்கும், அதன்பின் உச்ச நீதிமன்றத்துக்கும் செல்லும்.

மூவரும் வழக்கறிஞர்களே என்றதும் நம் மக்கள் சிரிப்பார்கள். குருக்களை ஆயர் விசாரிப்பதைப் பற்றியும் அதே சிரிப்பு உண்டென்பதை நாம் அறியாமலில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், குற்றச்சாட்டையும் சான்றுகளையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரிவித்து, தம்மைக் காத்துக்கொள்ள வாய்ப்பளிக்குமாறு 1720ஆம் விதியில் பணிக்கிறது.

இந்நெறிக்குச் சட்ட வல்லுநர்கள் காட்டும் பழைய சான்று ஒன்று விவிலியத்திலிருந்தே வருவது வியப்புக்குரியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்டு பென்ட்லி என்னும் அறிஞரை விசாரியாமலே அவருடைய பட்டங்களைப் பறித்தது. 1723இல் மன்னர் நீதிமன்றம் அவற்றை மீட்டுக் கொடுத்தது. அவ்வழக்கில் நீதிபதி ஃபோர்டெஸ்க்யூ, ஏதேன் தோட்டத்தில் ஆதாமைக் கூப்பிட்டு, அவன் மறுமொழியைக் கேட்ட பிறகே ஆண்டவரும் தண்டனை விதித்தார் என்று எடுத்துக்காட்டினார். எல்லாம் அறிந்தவருக்கு விசாரணை தேவையில்லை, ஆயினும் கேட்டார்.

நம் நாட்டில் 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கட்சிக்காரரின் இசைவின்றி வழக்கைத் திரும்பப் பெற்றதாக ஒரு வழக்கறிஞர்மீது புகார். மூன்றாண்டு தொழில் தடை. ஆனால், அவர் செய்த குற்றம் இன்னதென வரையறுத்துக் குற்றச்சாட்டு வனையப்படவே இல்லை. எதற்கு விடை சொல்வதென்று தெரியாதவனுக்குப் பேசும் வாய்ப்பு கிடைத்து என்ன பயன்? இத்தகைய விசாரணை குற்ற வழக்கைப் போன்றது. ஐயத்தின் பயன் வழக்கறிஞருக்கே என்று கூறி, நீதிமன்றம் தண்டனையை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது. இறுதியில் குற்றமற்றவரெனக் கண்டால் அவர் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று, தீர்ப்பில் அவர் பெயரையும் குறிக்கவில்லை. சட்ட நூல்களில் அவர் இன்றும் 'ஒரு வழக்கறிஞர்' மட்டுமே.

தமிழ்நாட்டில் 2016இல் எழுந்த புயல் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 14-ஏ முதல் 14-டி வரை புதிய விதிகளை வகுத்தது. நீதிபதியின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குதல், ஆவணங்களைத் திருத்துதல், நீதிபதியை இழிசொல்லால் மிரட்டுதல், குடித்துவிட்டு மன்றத்துக்கு வருதல் முதலியவற்றுக்காக, உயர் நீதிமன்றமே வழக்கறிஞரைத் தடை செய்யலாம். முதன்மை மாவட்ட நீதிபதியும் தம் மாவட்டத்துக்குள் தடை செய்யலாம் என்றன அவ்விதிகள். குற்றங்கள் கற்பனையல்ல; நீதிமன்ற அறைக்குள்ளேயே வழக்கறிஞர்கள் போராடிய காலம் அது. விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டுமென்றும் அவ்விதிகள் கூறின. ஆனால் 14-டி, விசாரணை முடியுமுன்னரே இடைக்காலத் தடை விதிக்க இடமளித்தது. தருமபுரியில் தடை என்றால் அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் கதவு மூடிற்று என்பதே பொருள். நம் ஊர் வழக்கறிஞருக்கு அதற்கப்பால் ஏது பிழைப்பு? அவரை நம்பிக் கட்டைக் கொடுத்தவர்களும் அன்றோ நடுத்தெருவில் நிற்பர்?

ஜூலை 25 அன்று வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தை முற்றுகையிட்டனர். போராடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை இந்திய பார் கவுன்சில் விசாரணைக்கு முன்பே இடைநீக்கம் செய்தது. காக்க வேண்டிய மன்றமே அவசரப்பட்டது நமக்கு வருத்தமே. 2019 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர், ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் பார் கவுன்சிலுக்கே உரியது என்று கூறி அந்நான்கு விதிகளையும் நீக்கினர். அதே தீர்ப்பில் வழக்கறிஞர்களின் நடத்தையையும் கடிந்துகொண்டனர்.

இவ்வளவும் கேட்ட முதியவர், "அப்போ எல்லாம் வக்கீலுக்குத்தானா, சாமி?" என்றார். அல்ல. காது கேளாத எழுபது வயது முதியவரும் அவர் மனைவியும் இருபதாயிரம் ரூபாய் கடன் பத்திரங்களை நம்பிக் கொடுக்க, வழக்கைக் காலத்தில் தொடுக்காமல் ஏமாற்றிய தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் உண்டு. மாநிலக் குழு ஆறாண்டு நிறுத்தியது; இந்திய பார் கவுன்சில் ஓராண்டாகக் குறைத்தது. 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுத்து, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவியும் செய்யுமாறு பணித்தார். அத்தம்பதியர் பேச வாய்ப்பிருந்ததால் அன்றோ இது நடந்தது? புகாரை ஓராண்டுக்குள் முடிக்காவிடில் அது இந்திய பார் கவுன்சிலுக்குச் செல்லும் என்று சட்டம் சொல்வதும் புகார்தாரர் பொருட்டே. 2024 மே மாதம் வழக்கறிஞர் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராதென்று உச்ச நீதிமன்றம் தீர்த்தபின், ஏழைக் கட்சிக்காரருக்கு இவ்வழி இன்னும் முக்கியமாகிவிட்டது.

ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவுக்கு 30 நாள் கெடு. அதற்கு வேறொரு வழக்கறிஞரை அமர்த்திவிட்டு, பார் கவுன்சிலுக்கான புகாரை எழுத உட்கார்ந்தோம். 'மோசடி' என்ற சொல்லை அடித்துவிட்டு நாட்களை எழுதினோம். எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதியில் மன்றத்தில் எவரும் நிற்கவில்லை என்று. திரும்பிய தபால்களையும் மறைக்கவில்லை.

முதியவர் கையெழுத்திட்டார். "அந்த வக்கீலும் வந்து பேசுவாருங்களா?"

"பேசுவார்."

"பேசட்டும். ஆனா நான் பெங்களூர்ல கெடந்தா இவுங்க கடுதாசி யாருக்கு வரும்?"

புகாரில் முகவரி எழுதவேண்டிய இடத்தில் நம் பங்கு இல்லத்தின் முகவரியை எழுதினோம்.