ஏற்றுமதிக்கு முதல் தரம், ஏழை வயிற்றுக்கு?

ஒரு நாள்! ஒரே ஒரு நாள்! தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேரவேண்டிய பனியன் பெட்டி ஒரு நாள் பிந்திவிட்டால் திருப்பூரிலே என்ன நடக்கும் என்பதை, தோழர்களே, நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. கப்பல் போய்விடும். விமானத்தில் ஏற்றி அனுப்பு, செலவு உன்னுடையது என்பான் வெளிநாட்டு வணிகன். விலையைக் குறை என்பான். சரக்கே வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று முகத்திலடித்தாற்போல் சொல்வதும் உண்டு. அந்த ஒரு நாளுக்காகத்தான் ஒன்றரை ஷிப்டு இரண்டு ஷிப்டாக நீளுகிறது. அந்த ஒரு நாளுக்காகத்தான் பவர் டேபிளில் குனிந்த முதுகு நள்ளிரவு கடந்தும் நிமிர்வதில்லை. தேதி என்றால் தேதி! முதலாளி நடுங்குகிறார், காண்ட்ராக்டர் நடுங்குகிறார், கைமடி வேலை பார்க்கும் பெண்ணும் நடுங்குகிறாள்.

அதே ஊர். சனிக்கிழமை இரவு. வாரக் கூலியை வாங்கிய கையோடு அந்தப் பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிறாள். குளிர்ச்சி உண்டு, இசை உண்டு, பளபளக்கும் விளக்கு உண்டு. அலமாரியிலே பிஸ்கட், சேமியா, மசாலாத் தூள், பால் பவுடர், குழந்தைக்கு ஜூஸ். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஓர் அட்டை தொங்குகிறது. ஏன் இலவசம்? யார் இந்த வள்ளல்? பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரிகிறது: உண்ணத் தகுந்த நாள் போன வாரமே முடிந்துவிட்டது! கப்பலுக்கு ஒரு நாள் பிந்தியதற்கு ஊரே நடுங்கியதே, இதற்கு நடுங்குகிறவர் யார்? ஒருவருமில்லை. நாள் கடந்த பண்டம் அலமாரியிலே அரசகுமாரன்போல் வீற்றிருக்கிறது.

அரசியல் கட்டுரையை எதிர்பார்த்து ஞாயிறு ஏட்டைப் பிரித்தோம், இவன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நட்டம் யார் தலையில் விழவேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் அரசியல் என்றால், அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பதும் அரசியலே.

குழந்தைச் சட்டை தைக்கும் கூடத்திலே ஊசி முறிந்தால் என்ன செய்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? முறிந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்கும்வரை புது ஊசி கொடுப்பதில்லை. கிடைத்த துண்டுகளைப் பதிவேட்டிலே ஒட்டிவைக்கிறார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றிலுமுள்ள துணியை ஒதுக்கித் தேடுகிறார்கள். பெட்டியில் அடுக்குமுன், உலோகம் கண்டறியும் கருவியின் வழியே சட்டையை அனுப்பிப் பார்க்கிறார்கள். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ முகம் தெரியாத ஒரு குழந்தையின் மேனியில் ஒரு கீறல் விழக்கூடாதாம்! நல்ல ஏற்பாடு. வாழ்க அந்த ஏற்பாடு! அந்தச் சட்டையைத் தைத்தவளின் குழந்தை குடிக்கிறதே பால் பவுடர், அந்த டப்பாவின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்த்தவர் யார்? அதற்கு எந்தப் பதிவேடு? எந்தக் கருவி?

பழங்காலத்தில் தேதி ஏது, நம் முன்னோர் உண்டு வாழவில்லையா என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. உண்மைதான். நம் மாவட்டத்து ஊத்துக்குளி வெண்ணெய்க்கு அந்நாளில் எந்த முத்திரையும் கிடையாது. விரல் நுனியில் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், நாக்கிலே தடவிப் பார்த்தாள் பாட்டி. புளிப்பு ஏறியிருந்தால் உறியிலேயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்தாள். கருவாட்டுக்கும் கடலைக்கும் மூக்குதான் நீதிபதி. இன்றோ பண்டத்தைப் பளபளப்பான காகிதத்துக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டான். தொடமுடியாது, முகரமுடியாது. வாங்குகிறவளின் மூக்கைக் கட்டிவிட்டு அதற்கு மாற்றாகக் கொடுத்ததுதான் அந்தச் சின்னஞ்சிறு தேதி. அதையும் அழித்தால், மறைத்தால், அலட்சியம் செய்தால், அவளுக்கு வேறு என்ன காவல் இருக்கிறது?

கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்தவன் நான். வேதியியல் பாடம் நடத்தும் தகுதி எனக்கில்லை. ஆயினும் இவ்வளவு சொல்லலாம். நாள் கடந்ததெல்லாம் நஞ்சாகிவிடுவதில்லை. இன்ன நாளுக்குள் உண்டால் சுவையும் தரமும் குறையாது என்று சொல்லும் தேதி ஒன்று; இன்ன நாளுக்குமேல் உண்ணாதே என்று தடுக்கும் தேதி வேறொன்று. முதல் தேதி தாண்டிய பிஸ்கட் பதம் கெடும், அதிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், உயிர் போகாது. பாலும் பன்னீரும் இறைச்சியும் அப்படியல்ல. குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறதே என்று நம்பியிருப்போம். லிஸ்டீரியா என்றொரு கிருமி அந்தக் குளிரிலேயே பெருகும். கருவுற்ற பெண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் அது பொல்லாத எதிரி. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் ஈரலைத் தாக்குவது. பால் பவுடரிலோ நாளாக ஆக வைட்டமின் தேய்கிறது. தாய் ஊட்டுவதாக எண்ணுகிறாள், குழந்தைக்குக் கிடைப்பது குறைகிறது.

தேதி அச்சிட்டிருக்கிறதே, படித்துப் பார்த்து வாங்கவேண்டியதுதானே என்கிறார்கள். படிப்பதா? எந்த மொழியில்? உணவுப் பொட்டலத்தின்மேல் சொல்லவேண்டியவற்றை ஆங்கிலத்தில் சொல், அல்லது தேவநாகரி எழுத்திலே இந்தியில் சொல் என்கிறது விதி. மற்ற மொழிகளில்? வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுக்கொள், தடையில்லை என்கிறது! தமிழ்நாட்டிலே விளைந்து, தமிழ்நாட்டிலே அரைத்து, தமிழ்நாட்டிலே விற்கிற மிளகாய்த் தூளில், இது எந்த நாளோடு முடிகிறது என்று தமிழில் சொல்லக் கட்டாயம் கிடையாது. எங்கே அச்சிடுகிறான்? பொட்டலத்தின் மடிப்பிலே, மூடியின் விளிம்பிலே, புள்ளி புள்ளியாக. தொகுதி எண், தயாரித்த நாள், முடியும் நாள், விலை, நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக. எண்ணைப் படித்துவிடுவாள் நம் சகோதரி. எது பிறந்த நாள், எது இறந்த நாள் என்று சொல்லும் சொல் அவள் மொழியில் இல்லையே! தேனியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவளுக்கு இந்தக் கதி என்றால், ஒடிசாவிலிருந்து வந்து அடுத்த லைன் வீட்டில் குடியிருக்கிற இளைஞனுக்கும் இதே கதிதான். அவனுடைய ஒடியாவுக்கும் அந்தப் பொட்டலத்தில் இடமில்லை.

திருப்பூருக்கே உரிய ஒரு சொல் இருக்கிறது: செகண்ட்ஸ். தையல் கோணிய சட்டை, நிறம் சற்றே மங்கிய பனியன், வணிகன் வேண்டாம் என்று தள்ளிய சரக்கு, எல்லாம் காதர்பேட்டைக்கு வரும். அங்கே அது செகண்ட்ஸ் என்றே விலைபோகிறது. குறை இருக்கிறது, அதனால் விலை குறைவு, பிடித்தால் எடு என்று வெளிப்படையாகப் பேசுகிறான் வியாபாரி. வாங்குகிறவன் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, பேரம் பேசி எடுக்கிறான். இதில் ஏமாற்று இல்லை. பழைய பொட்டலமும் ஒரு வகையில் செகண்ட்ஸ்தான். ஆனால் முதல் தரத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறதே, அங்கேதான் சூது இருக்கிறது. சட்டையின் குறை தோளோடு போயிற்று. பொட்டலத்தின் குறை குடலுக்குள் போகிறது. புள்ளி மை அச்சைத் துடைக்க, தின்னர் தொட்ட துணி போதும். பழைய தேதியின்மேல் புதிய சீட்டு ஒட்டுவதற்கு அதுவும் வேண்டாம்.

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேடையில் வில்லனுக்குக் கன்னத்திலே ஒரு மரு வைத்துவிட்டால் கதை எளிதாகிவிடும். இந்தக் கதையிலோ அப்படி ஒருவன் சுலபமாக அகப்படமாட்டேன் என்கிறான். தெருமுனை மளிகைக்காரரைக் கேளுங்கள். ஸ்கீம், ஸ்கீம் என்று சொல்லிப் பத்துக்கு இரண்டு சேர்த்துத் தலையில் கட்டிவிட்டுப் போகிறான் ஏஜென்ட். விற்காததைத் திரும்ப எடு என்றால் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை என்கிறான். பெரிய கடைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிற கம்பெனி, சின்னக் கடைக்குக் கையை விரிக்கிறது. ஆக, நட்டம் கீழே கீழே உருளுகிறது. கம்பெனி ஏஜென்டிடம் தள்ள, ஏஜென்ட் கடைக்காரரிடம் தள்ள, கடைக்காரர் அதை, அதற்குமேல் தள்ள இடமில்லாத ஒருத்தியின் பைக்குள் போட்டுவிடுகிறார். கடைக்காரர் செய்வதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவரை மட்டும் பிடித்து அபராதம் போட்டுவிட்டு, உருட்டிவிட்டவனை மாலை போட்டு அனுப்புவது நீதியாகாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது, தோழர்களே, நன்றாகவே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, 2011 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நாள் கடந்த பண்டத்தை விற்றால் விற்றவர் பொறுப்பு, வழங்கினால் மொத்த வியாபாரியும் பொறுப்பு என்று அதன் 27ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஐயம் தோன்றினால் வாங்கியவரே கட்டணம் கட்டிப் பண்டத்தைச் சோதிக்கச் செய்யலாம் என்கிறது 40ஆம் பிரிவு. கெட்ட உணவால் உயிர் போனால் இழப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக்கூடாது என்கிறது 65ஆம் பிரிவு. உயிர் போனபின் விலை பேசத் தெரிந்த சட்டத்துக்கு, அலமாரியை வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கக் கால் இல்லையே!

2024இல் நடந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இணையத்தின் வழியே உணவு விற்கும் நிறுவனங்களை நவம்பரில் அழைத்தது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். வீட்டு வாசலில் கொடுக்கும்போது பண்டத்துக்கு ஆயுளில் 30 விழுக்காடோ அல்லது 45 நாளோ மிச்சம் இருக்கவேண்டும் என்றது. டிசம்பரில் இன்னோர் ஆணை. நாள் கடந்து திரும்பி வந்த சரக்கு எவ்வளவு, அதை அழித்தீர்களா, ஏலம் விட்டீர்களா, வாங்கியவர் யார் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடு என்று உற்பத்தியாளர்களையும் இறக்குமதியாளர்களையும் கேட்டது. பழைய பண்டம் புதுச் சீட்டோடு சந்தைக்குத் திரும்புகிறது என்ற அச்சம் இல்லாமலா இப்படிக் கேட்டார்கள்? வரவேற்கிறோம். ஆனால் கைப்பேசியில் பொத்தானை அழுத்தி வாங்குகிறவருக்கு 45 நாள் காப்பு. கூலிப் பணத்தோடு கடையில் வரிசையில் நிற்கிறவளுக்கு ஒரு நாள் காப்புக்கூட இல்லை. திரும்பி வந்த சரக்குக்குக் கணக்கு உண்டு. திரும்பாமல் அலமாரியிலேயே தங்கிவிட்ட சரக்குக்குக் கணக்கு இல்லை. ஓட்டையை அடைத்தார்கள், கதவைத் திறந்தே வைத்தார்கள்!

நம் நாட்டின் சாபம் இது என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஜப்பானிலே ஈசே என்ற ஊரில் 1707 முதல் இனிப்புச் செய்து புகழ்பெற்ற அகாஃபுகு நிறுவனம், பழைய பண்டத்துக்குப் புதிய தேதி குத்தியதாக 2007இல் அம்பலப்பட்டது. 300 ஆண்டுப் பெயர்! அரசு கதவைச் சாத்தச் சொன்னது. 2014இல் சீனத்து ஷாங்காயில் ஹூசி என்ற இறைச்சி ஆலைக்குள் தொலைக்காட்சிச் செய்தியாளர் மறைவாகப் படம் பிடித்துக் காட்டியபோது, நாள் கடந்த இறைச்சி உலகப் புகழ் உணவகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. பெரிய பெயர் என்பதற்காக எவரும் தப்பவிடவில்லை.

அப்படியானால் நாள் நெருங்கிய உணவையெல்லாம் குப்பையில் கொட்டுவதா, பசித்த நாட்டில் அது பாவமில்லையா என்ற கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். பிரான்சு நாடு 2016இல் ஒரு சட்டம் செய்தது: 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், உண்ணத் தகுந்த மிச்சத்தை அழிக்கக்கூடாது, அறநிலையங்களுக்குக் கொடுக்கவேண்டும். நம்மிடமும் மிச்ச உணவைப் பகிர்ந்தளிப்பதற்கான விதிகள் 2019 முதல் உள்ளன. நாள் முடிந்தபின் ஏழைக்குத் தள்ளாதே, முடியுமுன் கொடு! காதர்பேட்டையின் நேர்மையை அலமாரிக்கும் கொண்டுவா. நாள் நெருங்கிய பண்டத்துக்குத் தனி அடுக்கு, தமிழில் ஒரு பலகை, குறைத்த விலை, முடிந்த அன்றே அடுக்கிலிருந்து அகற்றல். திரும்ப எடுக்கமாட்டேன் என்று சின்னக் கடைக்காரருக்குக் கைவிரிக்கும் கம்பெனிக்கு அந்த உரிமை இருக்கக்கூடாது. விற்றவன் மீட்டுக்கொள்வதை விதியாக்கவேண்டும். முடியும் நாளைத் தமிழில் அச்சிடுவது கூடுதல் என்ற நிலை மாறிக் கட்டாயம் ஆகவேண்டும். டெல்லி இதைச் செய்யும்வரை நம் கடைகளிலாவது விளக்கப் பலகை தொங்கட்டும். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. விலைவாசி ஏறினால் கூலியும் ஏறவேண்டும், வயிறு வாடக்கூடாது என்பதற்காக நடந்த போர் அது. அப்படிப் போராடி வாங்கிய காசை எடுத்துக்கொண்டுபோய்ப் போன மாதத்து மாவை வாங்கிவருவதா?

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகும்போது பொட்டலத்தைப் புரட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் நின்றால் அவருக்கும் படித்துச் சொல்லுங்கள். நாள் கடந்திருந்தால் கடைக்காரரிடம் காட்டுங்கள். எடுத்துவிட்டால் நன்றி சொல்லுங்கள். எடுக்காவிட்டால் சண்டை வேண்டாம். தேதி தெரியும்படி ஒரு படம், கடையின் பெயர், தெரு, வாங்கிவிட்டிருந்தால் பில், இவற்றைச் சேர்த்து உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். பில் தரமாட்டேன் என்றால், அதையும் அந்தப் புகாரிலேயே எழுதுங்கள்.