கீழே இறங்கும் ஸ்விஃப்ட்... காப்பாற்ற 3 கோடி டாலர் செலவு ஏன்?

பூமியைச் சுற்றிவரும் ஸ்விஃப்ட் விண்வெளித் தொலைநோக்கி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. அதை மேலே தூக்கிவிட, கேட்டலிஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 2025 செப்டம்பரில் 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது நாசா. 2004-ல் ஏவிய பழைய தொலைநோக்கிக்கு இவ்வளவு செலவு எதுக்கு?

காமா கதிர் வெடிப்பு என்றால் என்ன?

ராட்சத நட்சத்திரம் நொறுங்கும்போதோ, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போதோ காமா கதிர்கள் பீறிட்டு வரும். பெரும்பாலும் சில நொடி, இல்லைன்னா சில நிமிஷம். அவ்வளவுதான். எப்போ, எந்தத் திசையில் வரும்னு முன்கூட்டியே சொல்லவே முடியாது. 1967-ல் முதன்முதலில் பதிவானாலும், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பது 30 வருஷம் புதிராகவே இருந்தது.

புதிர் உடைந்தது எப்படி?

1997 பிப்ரவரி 28. ஒரு வெடிப்பு நடந்த 8 மணி நேரத்துக்குப் பிறகு, அதே திசையில் மங்கிக்கொண்டிருந்த எக்ஸ்ரே வெளிச்சத்தை இத்தாலி - நெதர்லாந்தின் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் பிடித்தது. இதுதான் 'பின்னொளி'.

வெடிப்பிலிருந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பாயும் பொருள், சுற்றியுள்ள வாயுவில் மோதுகிறது. அதில் வேகம் பெறும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ்ரேயை வெளியிடுகின்றன. காமா கதிரை மட்டும் வைத்து இடத்தைத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தை மற்ற தொலைநோக்கிகள் பார்த்து தூரத்தைக் கணக்கிடும்.

ஸ்விஃப்ட் என்ன செய்கிறது?

வெடிப்பு தெரிந்ததும் யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல், பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும் வகையில் உருவாக்கப்பட்டது. பின்னொளி மங்குவதற்குள் பிடிக்கணும்னா இந்த வேகம் தேவை.

* 2009 ஏப்ரல் 23: ஸ்விஃப்ட் கண்ட வெடிப்பின் ஒளி, சுமார் 1,300 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தது.

* 2022 அக்டோபர் 9: இதுவரை பதிவானதிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு. அதன் எக்ஸ்ரே நம் பால்வெளியின் தூசுப் படலங்களில் சிதறி, வளையம் வளையமாகத் தெரிந்தது.

இப்போ என்ன சிக்கல்?

சூரியனின் சீற்றத்தால் மேல் வளிமண்டலம் விரிந்து, ஸ்விஃப்டின் வேகத்தைக் குறைக்கிறது. சுமார் 600 கி.மீ. உயரத்தில் இருந்தது, 2025-ல் சுமார் 400 கி.மீ.க்கு வந்துவிட்டது. தானாக மேலேற அதில் இன்ஜின் கிடையாது. ரோபோ விண்கலம் ஒன்று போய்ப் பிடித்துத் தள்ளணும் என்பதுதான் திட்டம். ஆனா, இப்படிப் பிடிப்பதற்கான வசதியோடு ஸ்விஃப்ட் உருவாக்கப்படவில்லை.

ரிஸ்க்தான். ஆனா விண்வெளி எக்ஸ்ரேயை வளிமண்டலம் தடுத்துவிடும். தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் ஸ்விஃப்டின் இந்த வேலையைச் செய்ய முடியாது.