முதல் கம்ப்யூட்டர்: தானே பூட்டுவதா, கூலி கொடுப்பதா?

கல்லூரிச் சேர்க்கை முடியும் காலத்தில் செங்கல்பட்டு ஜங்ஷனில் காலை மின்சார ரயிலைக் கவனித்தால் ஒரு காட்சி தென்படும். பையனோ பெண்ணோ கையில் ஒரு காகிதத்துடன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தகப்பனார், சீட்டு எடுத்த பணம் பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். காகிதத்தில் பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி. என்று ஒரு ஜாபிதா. போகுமிடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பேர் போன அந்தத் தெருவும், அடுத்துள்ள நரசிங்கபுரம் தெருவும் இன்று கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பெரிய சந்தை.

அந்தக் குடும்பத்துக்கு அது முதல் கம்ப்யூட்டர். சாமான்களை வாங்கி வந்து பையன் தானே பூட்டுவதா, அல்லது கடையில் கூலி கொடுத்துப் பூட்டி வாங்குவதா என்ற வாதம் தாம்பரம் வருமுன் தொடங்கி எழும்பூர் வந்தும் ஓய்வதில்லை. பார்வைக்கு இது சின்ன விஷயம். ஆனால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பும், ஓர் இளம் உள்ளத்தின் தன்னம்பிக்கையும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஆற அமர யோசிக்க வேண்டிய காரியம்தான்.

கூலி மிச்சமா?

தானே பூட்ட விரும்புகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் பணம். இது அவ்வளவு பலமான காரணம் அல்ல. பூட்டுக்கூலி மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான். எல்லாச் சாமான்களையும் ஒரே கடையில் வாங்கினால் கூலி கேட்காமலே பூட்டிக் கொடுக்கிற கடைக்காரர்களும் உண்டு. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் கூலி அல்ல, உலகச் சந்தை. 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால், ரேம் விலை மளமளவென்று ஏறியதைப் பலரும் அனுபவித்தார்கள். அப்படி ஏறிய விலைக்கு முன்னால் பூட்டுக்கூலி எம்மாத்திரம்?

கூலி வாங்கும் தொழிலாளி எதற்காகக் கூலி வாங்குகிறார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாலு திருகாணி முடுக்குவதற்காக அல்ல. பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் திரை இருட்டாகவே இருந்தால் கோளாறு எங்கே? ரேமிலா, மதர்போர்டிலா, பவர் சப்ளையிலா? கடையில் மாற்றுச் சாமான் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அரை மணியில் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் ஒரே ஒரு ரேம்தானே இருக்கும்? எதை எடுத்து எதை மாட்டிச் சோதிப்பது? ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் திரும்பி வந்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தால், பையன் முகம் சோர்ந்துபோகும். தகப்பனாரோ, "அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்துவிடுவார்.

எது கஷ்டம்?

பூட்டும் வேலை மந்திரவித்தை அல்ல. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நல்ல வெளிச்சம், ஒரு மேஜை, இரண்டு மூன்று மணி நேரப் பொறுமை. இவ்வளவுதான் வேண்டும். ஒவ்வொரு சாமானும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய திசையில் மட்டுமே பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கிறது. பிராசஸரின் மூலையிலுள்ள சின்ன முக்கோணக் குறியையும் மதர்போர்டிலுள்ள குறியையும் ஒன்றுக்கொன்று நேராக வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தானாக உட்கார வேண்டும். மயிரிழை போன்ற ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் காரியம் கெட்டது. அதன்மேல் பட்டாணி அளவு வெப்பப் பசை வைத்து விசிறியைப் பொருத்த வேண்டும். ரேமை மட்டும் "கிளிக்" என்று சப்தம் கேட்கும் வரை தைரியமாக அழுத்தலாம். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காமலிருக்க, அவ்வப்போது கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொள்வது நலம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

உண்மையான கஷ்டம் பூட்டுவதில் இல்லை, பொறுக்குவதில் இருக்கிறது. இந்தப் பிராசஸர் இந்த மதர்போர்டில் உட்காருமா? டி.டி.ஆர். 4 ரேம், டி.டி.ஆர். 5 போர்டில் நுழையாது என்பது தெரியுமா? போர்டிலுள்ள பயாஸ் பழையதாக இருந்தால் புதிய பிராசஸரை அடையாளம் காணாது என்பது தெரியுமா? இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளும் மாணவர், பூட்டுவதற்கு முன்பே பாதிப் பாடத்தை முடித்துவிடுகிறார்.

இதைப் படிக்காமல் காசை மட்டும் நீட்டுகிறவர் என்ன ஆகிறார்? வெளியே கண்ணைப் பறிக்கும் கலர் விளக்குகளுடன் கேபினெட். உள்ளே ஊர்பேர் தெரியாத பவர் சப்ளை. கேபினெட் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பவர் சப்ளையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆகவே லாபம் பார்க்க நினைக்கும் வியாபாரி கை வைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். எல்லா வியாபாரிகளும் அப்படியல்ல. நாணயமாக நடந்து, முப்பது நாற்பது வருஷமாகப் பேரைக் காப்பாற்றி வருகிறவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவருக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான், நாணயஸ்தர் யார் என்பதும் தெரியும்.

பம்பாயில் நடந்த கதை

இந்த வாதம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களில் நம் நாட்டின் பெரிய விஞ்ஞான நிலையங்களிலேயே இது நடந்தது. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிவர நிலையம் பிரிட்டனிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கியது. பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமோ, "நாமே கட்டிப் பார்ப்போம்" என்று இறங்கியது. அந்தக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்து, கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். 1956-ல் மாதிரி யந்திரம் ஓடியது. 1960-ல் முழு யந்திரம் வேலைக்கு வந்தது. 1962-ல் பிரதமர் நேரு அதற்கு "டிஃப்ராக்" என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வால்வுகள் கொண்ட ராட்சச யந்திரம் அது.

ஆனால் அது முடிவதற்குள் உலகம் வால்வை விட்டு டிரான்ஸிஸ்டருக்கு மாறிவிட்டது. 1964-ல் அதே நிலையம் அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்ற யந்திரத்தை விலைக்கு வாங்கியது. அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீணா? இல்லவே இல்லை. தங்கள் கையாலேயே ஒன்றைக் கட்டியவர்கள் வாங்கப் போகும்போது, விற்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டும் நிலையில் இருக்கவில்லை. எது வேண்டும், எது வேண்டாம், கெட்டுப்போனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டத் தெரிந்தவனுக்கே வாங்கவும் தெரியும்.

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது. 1974-ல் பொக்ரான் சோதனைக்குப் பின் அந்நிய உதவி நின்றுபோன காலத்தில், சென்னை அணுமின் நிலையத்தை இந்திய என்ஜினீயர்களே கட்டி முடித்தார்கள். 1983 ஜூலையில் அதன் முதல் உலை இயங்கத் தொடங்கியது. வெளியார் கை விரித்த வேளையில் சொந்தக் கைதான் உதவியது.

உப்புக்காற்றும் மின்தடையும்

கடலோர வாசிகளுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் இரும்பு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருவேறுகிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். அதே உப்புக்காற்று கம்ப்யூட்டரின் விசிறி வழியாக உள்ளேயும் போகிறது. ஈரமும் தூசியும் உப்பும் சேர்ந்து படிந்தால் ரேமின் தொடுமுனைகள் கெடும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அருகில் யந்திரத்தை வைக்கலாகாது. மாதக் கணக்கில் மூடி வைப்பதைவிட அடிக்கடி ஓட்டுவதே நல்லது. ஓடும் சூட்டில் ஈரம் தங்காது. சில மாதங்களுக்கு ஒரு முறை திறந்து தூசி தட்ட வேண்டும்.

மின்சாரமும் கவனிக்க வேண்டியது. 2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. இத்தகைய நாட்களில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். சரியான எர்த் இணைப்பும் ஒரு யு.பி.எஸ்.ஸும் இல்லாமல் விலையுயர்ந்த யந்திரத்தை வைத்திருப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைப்பது போல.

தானே பூட்டியவர் இதையெல்லாம் பயமின்றிச் செய்வார். பெட்டியைத் திறந்தே பார்த்திராதவர் தூசி தட்டுவதற்குக்கூட ஆளைத் தேடி அலைவார். லாபம் என்று சொல்வதானால் இதுதான் லாபம். முதல் நாளில் மிச்சமாகும் கூலி அல்ல. அடுத்த ஆறேழு வருஷங்களுக்கு மிச்சமாகும் அலைச்சல்.

யார் பூட்ட வேண்டும்?

ஆகவே ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது. திருக்கழுக்குன்றத்தில் ஸ்டூடியோ நடத்துகிறவர், கணக்கு எழுதிப் பிழைக்கிறவர், அரசு விண்ணப்பங்களைப் பதிவுசெய்து கொடுக்கும் கடை வைத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பிழைப்புக்கான கருவி. ஒரு நாள் நின்றாலும் வருமானம் போகும். இவர்கள் கூலி கொடுத்துப் பூட்டி வாங்குவதே விவேகம். அந்தக் கூலியில் பேரம் பேசாமல் இருப்பது தர்மம். ஒவ்வொரு சாமானுக்கும் பெயரும் எண்ணும் எழுதிய, ஜி.எஸ்.டி.யுடன் கூடிய ரசீதைக் கேட்டு வாங்குவது கடமை. ரசீது இல்லாவிட்டால் வாரண்டி வெறும் வாய்ச்சொல்தான்.

படிக்கிற பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் பூட்டத்தான் வேண்டும். ஆனால் தன்னந்தனியாக அல்ல. இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. கூலியையும் கொடுத்துவிட்டு, "அண்ணே, நீங்க பக்கத்துல இருங்க, நான் மாட்டுறேன்" என்று கேட்கலாம். கடையில் கூட்டமில்லாத வார நாளில் போனால் பெரும்பாலான தொழிலாளிகள் மறுக்கமாட்டார்கள். "மெதுவா தம்பி, அழுத்தாதீங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். யந்திரம் அங்கேயே ஓடிப் பார்த்துவிடும். கோளாறு இருந்தால் அங்கேயே தீரும். ரயிலேறும்போது பையன் கையில் கம்ப்யூட்டர் மட்டுமல்ல, ஒரு வித்தையும் இருக்கும்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் வித்தை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. உளி பிடிப்பது சிஷ்யன், பக்கத்தில் நிற்பது ஆசான். அங்கேயுள்ள ஐந்து ரதங்களின் அடிப்பாகம் முடிவு பெறாமல் நிற்பதைப் பார்த்துத்தான், அவை மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டன என்பதை இன்று தெரிந்துகொள்கிறார்கள். முடிந்த வேலை அழகைக் காட்டும். முடியாத வேலைதான் வழியைக் காட்டும். பாதி பூட்டிய கம்ப்யூட்டரும் அப்படியே.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அண்ணன் பூட்டுவான், தங்கை டைப் அடிப்பாள் என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவருக்கு ஆண் கை, பெண் கை என்ற பேதம் தெரியாது. பணம் கட்டுகிற பெற்றோர்தான் அதை முதலில் உணர வேண்டும்.

கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர்கள் எத்தனையோ நிலையங்களின் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு மேஜைமேல் வைத்து, "பிரித்துப் பார், மறுபடி பூட்டு" என்று முதல் வருஷத்து மாணவர்களிடம் கொடுத்தால் செலவு ஒரு காசும் இல்லை. பழைய யந்திரத்தில் ஓர் ஊசி வளைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே கை பழகிய மாணவர், தகப்பனாரின் சீட்டுப் பணத்தில் வாங்கிய புது யந்திரத்தைத் தொடும்போது கை நடுங்க வேண்டிய அவசியம் இராது.