ஞாயிறு காலை கரணையோடு வாருங்கள், தோழர்களே!

45 நாள் இருக்கிறது. அதற்குள் ஓர் அறையும் ஒரு கழிப்பறையும் ஒரு குளியலறையும் எழும்பியாக வேண்டும். தவறினால் நம் வடசென்னையில் 14 பையன்களை வைத்து வளர்க்கும் அந்த வீட்டின் பதிவு புதுப்பிக்கப்படாது. பிள்ளைகளை ஆளுக்கொரு மாவட்டமாகப் பிரித்து அனுப்பிவிடுவார்கள்.

எந்த வீடு என்று கேட்க மாட்டீர்கள். "வேதக்காரங்க வீடு" என்று நம் தெருவே சொல்லும் வீடுதான். கணவன், மனைவி, அவர்கள் பெற்ற ஒரு மகன், கூடவே சென்ட்ரலிலும் பாலத்தடியிலும் கிடந்து வந்த 14 பேர். எல்லாருக்கும் அவர் அப்பா, அந்த அம்மா அம்மா.

போன ஆவணியில் ஒரு விடியற்காலை, வேலைக்குப் போகிற வழியில் வால்டாக்ஸ் சாலையோரம் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருந்த ஒருவனைப் பார்த்தேன். ஒன்பது வயது இருக்கும். கைக்குள் கசங்கிய பிளாஸ்டிக் கவர். அதில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை. எழுப்பி டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தபோது பாதி பன்னை டவுசர் பைக்குள் திணித்தான். அப்பா என்ன வேலை என்றேன். "கொத்தனாரு. சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு" என்றான். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. நம் ஆள் பெற்ற பிள்ளை, தோழர்களே! அவன் அப்பன் கட்டிய மாடியில் யாரோ குடியிருக்கிறார்கள், இவன் அட்டையில் கிடக்கிறான்.

1098-க்கு அழைத்தேன். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம், நிறுத்தினார்கள். அம்மா இருக்கும் இடம் தெரியாததால் குழு அவனை அந்த வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டில் இட்லியை எடுத்துத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கிறானாம், எறும்பு மொய்த்திருக்கிறது. அந்த அம்மா திட்டவில்லை. மூடி போட்ட டப்பா ஒன்றில் இரண்டு இட்லி வைத்து, "இது உன்னோடது, ராத்திரி எப்ப வேணாலும் எடுத்துக்கோ" என்று தலைமாட்டில் வைத்துவிட்டார். தினமும் வைத்தார். பொங்கலுக்கு நான் போனபோது டப்பா காலியாக அலமாரியில் இருந்தது. இப்போது வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டானாம்.

அந்த வீட்டைத்தான் இப்போது இழக்கப் பார்க்கிறோம்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கொரு முறை அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது ஆய்வுக்கு வருவார்கள். 25 பேருக்கு 1000 சதுர அடி என்பது படுக்கையறைக் கணக்கு, அதாவது தலைக்கு 40. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. இங்கே 14 பேருக்கு 360 சதுர அடியும் ஒரேயொரு கழிப்பறையும் குளியலறையும்தான். ஆய்வுக்கு வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நெரிசலில் அடைபட்ட பிள்ளைகளின் கண்ணீருக்குப் பிறகு வந்த விதிகள் அவை. நம் பிள்ளைக்கும் அந்த 40 சதுர அடி உரிமைதான்.

பணம் ஏன் இல்லை? முன்பு ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டுச் சபைகளிடம் வாங்கி இவர்களுக்கு மாதாமாதம் ஒரு பங்கு கொடுத்துவந்தது. 2020-இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, அப்படிப் பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய அமைப்புகள் எப்படியோ சமாளித்தன. இந்த மாதிரிச் சின்ன வீடுகளின் அடுப்புதான் அணையப் பார்த்தது. அந்த அம்மாவின் வளையலும் தாலிச் சங்கிலியும் போன இடம் எனக்குத் தெரியும்.

அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அந்த அம்மாவின் பாட்டி நெல்லைச் சீமையில் டோனாவூரில் வளர்ந்தவர். 1901-இலிருந்து எமி கார்மைக்கேல் ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த இடம் அது. விடுதி மாதிரி நடத்தாமல் குடும்பமாக நடத்தினார்; வளர்த்தவர்களைப் பிள்ளைகள் அக்கா, சித்தி, அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பதும் அங்கே ஒரு வைராக்கியம். அதுவும் இந்த வீட்டில் அப்படியே இருக்கிறது: முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதனால் நான் கேட்கிறேன். எனக்கு வெட்கமில்லை.

சில தோழர்கள் மதம் மாற்றிவிடுவார்களோ என்றார்கள். நேராகப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பையனுக்கும் குழு கொடுத்த கோப்பு இருக்கிறது, மதம் அதில் எழுதியிருக்கிறது. பக்ரீத் அன்று ஒரு பையனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்துப் பள்ளிவாசல் வாசல்வரை கூட்டிப்போனவர் அந்த வேதக்கார அப்பாதான். தொழுகை முடியும்வரை வெயிலில் நின்றார். இன்னும் சிலர், இது அரசாங்கத்தின் கடமை, நாம் ஏன் செய்ய வேண்டும் என்கிறார்கள். கடமைதான். அதற்கான மனுவும் தயார், கலெக்டர் அலுவலகத்துக்கு நானே எடுத்துப் போகிறேன். ஆனால் 45 நாளில் மனு சுவர் எழுப்பாது. நாம் எழுப்புவோம். நம்மைவிட அது யாருக்குத் தெரியும்?

மாநகராட்சி அனுமதி கையில் இருக்கிறது. மொட்டை மாடியில் 200 சதுர அடி அறை, பக்கத்திலேயே கழிப்பறை, குளியலறை. 5000 செங்கல் வேண்டும், 2000 வந்துவிட்டது. சிமெண்ட் 80 மூட்டை, கம்பி 300 கிலோ இன்னும் இல்லை. ஆளுக்கு ஒரு மூட்டையாவது போடுங்கள், முடியாதவர்கள் இரண்டு பேர் சேர்ந்து போடுங்கள். தளம் போட்ட பிறகு தண்ணீர் கட்டி ஆற விட வேண்டும், முட்டு பிரிக்கவே இரண்டு வாரம் போய்விடும். ஆகவே வரும் மூன்று ஞாயிற்றுக்குள் தளம் விழுந்தாக வேண்டும். முதல் ஞாயிறு சுவர், அடுத்தது சென்ட்ரிங்கும் கம்பியும், மூன்றாவது கான்கிரீட். பிளம்பர் தோழர்களும் எலக்ட்ரீஷியன் தோழர்களும் முதல் ஞாயிறே வந்து பைப் போகிற வழியைக் குறித்துக்கொடுங்கள், அப்புறம் சுவரைக் கொத்த வேண்டாம். சென்ட்ரல் போர்ட்டர் தோழர்கள் செங்கல் ஏற்ற வருவதாகச் சொல்லிவிட்டார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் நம் சகோதரிகளே, கலவை உங்கள் பொறுப்பு; சமையல் வேலையை ஆண்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வரும் ஞாயிறு காலை 6 மணி, சங்க அலுவலக வாசல். கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு அவரவருடையதைக் கொண்டுவாருங்கள். சாரம் கட்ட முதலில் வருகிறவர்கள் கயிற்றை இரண்டு முறை சோதித்துக் கட்டுங்கள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பவன் அந்தக் கொத்தனார் மகன்.