ஏமாந்ததைச் சொல்ல என்ன வெட்கம்?

மூன்று நாட்கள் என் மனைவியிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன். தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் 34 ஆண்டுகள் அடுத்தவர் கணக்கில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு மின்னஞ்சலை நம்பி ரூ. 38,500 தொலைத்தான் என்றால் எந்த முகத்தோடு வெளியே சொல்வது? இன்று நம் சங்க இதழிலேயே எழுதத் துணிந்துவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

நடந்தது 2024 ஆகஸ்டில். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ரீஃபண்ட் வரவேண்டியும் இருந்தது. அந்த நேரம் பார்த்து, அசோகச் சின்னம் பொறித்த ஒரு மின்னஞ்சல். ரூ. 15,490 அனுமதிக்கப்பட்டிருக்கிறது, வங்கி விவரத்தை இன்று மாலைக்குள் சரிபார்க்காவிட்டால் ரத்தாகிவிடும் என்று இருந்தது. அழுத்தினேன். கார்டு எண் கேட்டது, கொடுத்தேன். பின்புறமுள்ள மூன்று இலக்கம் கேட்டது, அதையும் கொடுத்தேன். கடைசியில் ஓ.டி.பி. கேட்டது. பணம் வருவதற்கு எதற்கு ஓ.டி.பி. என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஐந்து நிமிடத்தில் ரூ. 18,400 போயிற்று. குறுஞ்செய்தியைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அப்போதே வங்கிக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் மனைவி இருக்கிறாள், பேசினால் கேட்குமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலை ரூ. 20,100 போயிற்று. முந்தைய ஆண்டு மகளைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து மூடாமலே இருந்தேன். அந்த வெளிநாட்டுத் தளம் ஓ.டி.பி. கேட்கவே இல்லை. முதல் தொகை என் அவசரத்துக்குக் கொடுத்த விலை. இரண்டாவது என் வெட்கத்துக்குக் கொடுத்தது.

கார்டை முடக்கிவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வந்து அவளே எதிரில் நின்றாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. "இதே மாதிரி எனக்கும் போன மாசம் ஒண்ணு வந்ததே, நான் அழிச்சிட்டேன்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியாததா என்று விட்டுட்டேன்" என்றாள். ஒரே வீட்டில், ஒரே காபி டிகாக்‌ஷனில் இரண்டு பேர்!

என் கட்சி இதுதான். இந்தத் திருடர்கள் பிழைப்பது நம் அறியாமையால் என்பதைவிட, ஏமாந்த பிறகு நாம் காக்கும் மௌனத்தால்தான். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. ஒரு கணக்கிலிருந்து நாலைந்து கணக்குக்குத் தாவி, ஏதோ ஒரு ஊர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிடும். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறந்து, அங்கே மிச்சம் இருப்பதை முடக்கிவைக்க முடியும். மிச்சம் இருந்தால்தானே? மூன்று நாள் கழித்துப் போன் செய்த எனக்கு ரூ. 4,300 மட்டும் திரும்பி வந்தது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். ஆனால் முதலில் போன்.

வங்கிக்குச் சொல்வதும் இதே அவசரம். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தானே ரகசிய விவரத்தைக் கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது என்று பிரித்துச் சொன்னது. முதல் நாள் மாலையே சொல்லியிருந்தால் அந்த ரூ. 20,100 என் தலையில் விழுந்திருக்காது.

போலி முகவரியைக் கண்டுபிடிக்க என் மருமகன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். தபால் உறையில் கடைசி வரியில்தானே ஊர் பெயர் இருக்கும்? இணைய முகவரியையும் அப்படிக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பதுதான் ஊர். வருமான வரித் துறையின் தளம் 'கவ் டாட் இன்' என்று முடியும். எனக்கு வந்ததில் அந்தச் சொற்கள் நடுவில் இருந்தன, முடிவில் வேறு எதுவோ. வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல காரியம்.

வைரஸ் கதையும் வேறல்ல. 2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் உலகமெங்கும் ஒரு மின்னஞ்சல் சுற்றியது நினைவிருக்கலாம். பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பியது. இணைப்பிலிருந்த காதல் கடிதத்தைத் திறந்தால், அது கணிப்பொறியிலுள்ள கோப்புகளை நாசம் செய்துவிட்டு, முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் நம் பெயரிலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வந்ததால்தான் ஜனங்கள் திறந்தார்கள். அன்று காதல் கடிதம், இன்று கல்யாணப் பத்திரிகை! வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது. கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. நிறுவிவிட்டால் நம் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓ.டி.பி.யை நாம் சொல்லவே வேண்டாம், அதுவே எடுத்துக்கொள்ளும். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வந்தால், திறக்குமுன் அனுப்பியவருக்கு ஒரு போன் செய்யுங்கள். விசாரித்த மாதிரியும் இருக்கும்.

வெளியூரில் குடியேறிய நமக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. முப்பது வருஷம் தில்லியில் இருந்தும் நம் இந்தி காய்கறிக்காரரோடு நின்றுவிட்டது. அலுவலக இந்தியில் ஒருவன் அதட்டினால் பாதி புரியும், மீதிக்குப் பயம் வரும். அரசு முத்திரையைக் கண்டால் எழுந்து நிற்கும் தலைமுறை வேறு. பிள்ளைகளோ புணேயில், ஹைதராபாத்தில், கடல் கடந்து. அவர்களிடம் சொன்னால் "எத்தனை தடவை சொன்னேன்" என்ற பாட்டு ஆரம்பமாகிவிடும் என்று நினைத்தே பெரியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளே, அந்தப் பாட்டை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் அம்மாவுக்குப் பதிலாக 1930க்கு நீங்கள் போன் போடுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் பட்டிமன்றத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறோம். அதில் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள். நிபுணர் யாரும் வேண்டாம். ஏமாந்தவர்கள் எழுந்து எப்படி ஏமாந்தோம் என்று தமிழில் சொல்லட்டும். நம் இளைஞர்கள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடித் தரட்டும். முதல் ஆளாக மேடையேற நான் பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டாவதாக என் மனைவி, ஏமாறாதவர் என்ற முறையில்.